அழகான பையன் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

பதின்வயதுப் பெண்கள் படிக்கும் ஆங்கில நாவல்கள் என்றால் 'அழகான பையன், அவனுக்காக உருகும் பெண், அவ்வளவுதான்' என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்லிவிட்டது. என்னால் ஏற்க முடியவில்லை.

2008இல் வந்த சூசன் காலின்ஸின் 'ஹங்கர் கேம்ஸ்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகி காட்னிஸுக்கு 16 வயது. சுரங்க விபத்தில் அப்பா போனதும் அம்மா இடிந்துபோய் உட்கார்ந்துவிட, வேலி தாண்டிக் காட்டில் வேட்டையாடி வீட்டுக்குச் சோறு போடுகிறாள். சிடுமூஞ்சி. தங்கை வளர்க்கும் பூனையைக்கூட அவளுக்குப் பிடிக்காது. ஆனால் பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்லவேண்டிய சாவுப் போட்டிக்கு, குலுக்கலில் அந்தத் தங்கையின் பெயர் வந்ததும், 'நான் போகிறேன்' என்று முன்னே வந்து நிற்கிறாள். காதல் தலைகாட்டும் முன்பே வாசகி அவள் பக்கம் சாய்ந்துவிடுகிறாள்.

அப்புறம் பீட்டா, ரொட்டிக்கடைக்காரரின் மகன். சிறுவயதில் ஒருநாள், கொட்டும் மழையில், பசியோடு கடைக்குப் பின்னால் நிற்கும் காட்னிஸைப் பார்க்கிறான். ரொட்டியை வேண்டுமென்றே கருகவிட்டு அம்மாவிடம் அறை வாங்குகிறான். பன்றிக்குப் போடச் சொன்ன அந்த ரொட்டிகளை அவள் பக்கம் வீசிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போகிறான். அதே போட்டிக்கு அவனும் போகிறான். களத்தில் காயம்பட்டுக் கிடப்பவனும் அவன்தான். குகையில் வைத்துக் காப்பாற்றுபவள் அவள். முதல் நாவலின் முடிவில் அவனுக்கு ஒரு கால் போய்விடுகிறது. 2012இல் வந்த படம் அதை விட்டுவிட்டதில் எனக்கு இன்றும் வருத்தம். காலிழந்த பீட்டாவைத்தானே வாசகிகள் விரும்பினார்கள்?

ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' வரிசையில் வரும் காதல் நாயகன் எட்வர்டும் கொண்டாடப்பட்டவன்தான், மறுக்கவில்லை. ஆனால் அவன் விரும்பும் பெல்லாவுக்குத் தெரியாமலே இரவில் அவள் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூன்றாவது நாவலில், நண்பனைப் பார்க்க அவள் போய்விடக்கூடாதென்று அவளுடைய வண்டி எஞ்சினில் ஒரு பாகத்தையே கழற்றிவிடுகிறான். இரண்டு வரிசைகளையும் படித்த என் மகள் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, "இவளைத் தடுக்க இவன் யாரும்மா?" என்று கேட்டாள். மேலே படித்தாள், ஆனால் எட்வர்டை மன்னிக்கவே இல்லை.

இப்படிக் கேள்வி கேட்டுப் படிக்கிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அடுத்தமுறை இந்தப் புத்தகங்களைப் பற்றி எழுதும்போது, அவர்களில் இரண்டு மூன்று பேரையாவது எழுதச் சொல்லி வெளியிடுங்கள்.

ஒரு வாசகி,
மதுரை