அம்மாவுக்கு எந்த ஸ்பீக்கர்?

ரங்கூன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வியாசர்பாடியில் எல்லோரும் நலம் என்று படித்ததில் நிம்மதி. பேச்சுக் கொடுத்தால் பாட்டுப் போடும் ஸ்மார்ட் ஸ்பீக்கர் ஒன்றை, விலை குறைவானதாகப் பார்த்து, அம்மாவுக்கு வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறாய். கொஞ்சம் பொறு.

பக்கத்து வீட்டில் அப்படி ஒன்றை இரண்டு வாரம் இரவல் வாங்கி அம்மா கட்டிலருகே வைத்துப் பார்த்தேன். 1964இல் நீங்கள் கப்பலேறியபோது உனக்குக் கட்டுச்சோறு கொடுத்தவருக்கு இப்போது 93 வயது. கண் மங்கிவிட்டது. முதல் நாள் ராத்திரி, "ஏப்பா, மணி என்னாச்சு?" என்று அதைக் கேட்டார். பதில் இல்லை. அதற்குக் காது மந்தமோ என்று குனிந்து, பர்மிய மொழியில் மறுபடி கேட்டார். எனக்கு மனசே சரியில்லை. இந்த விலையில் வருபவை ஆங்கிலம் பேசும், இந்தி பேசும். சீனாவிலிருந்து வருபவை சீனம் பேசும். அம்மாவுக்குத் தெரிந்த இரண்டு மொழியும் அவற்றுக்குத் தெரியாது.

அப்புறம் கரண்ட். இங்கே அது எப்போது வரும், எப்போது போகும் என்றே சொல்ல முடியாது. கூகுள் 2017இல் விட்ட ஹோம் மினி ஸ்பீக்கர் மைக்ரோ யூஎஸ்பி வயரில் ஓடும். பவர் பேங்க்கில் செருகிவிடலாம். 2019இல் வந்த நெஸ்ட் மினியில் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்கும், சுவரிலும் மாட்டலாம். ஆனால் அது 14 வோல்ட் அடாப்டர் கேட்கும், சாதாரண பவர் பேங்க் தருவதோ 5 வோல்ட். எங்களுக்குப் பழையதுதான் தோது. எதை வாங்கினாலும் வைஃபை போனால் பேச்சும் போச்சு; நாம் கேட்பது எங்கேயோ இருக்கும் சர்வருக்குப் போய்த்தான் பதில் வருகிறது.

அதுதான் எனக்குப் பெரிய தயக்கம். குரல் பதிவை வெளியே அனுப்பாமலிருக்க அமேசானின் எக்கோ ஸ்பீக்கரில் சில மாடல்களுக்கு ஒரு வசதி இருந்தது. 2025 மார்ச் 28 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். மைக்கை அணைக்கப் பட்டன் உண்டு, சரி. அணைந்ததைக் காட்டும் விளக்கு அம்மா கண்ணுக்குத் தெரியுமா? வீட்டுப் பேச்சு வீட்டோடு இருக்க வேண்டிய காலம் இது.

அதனால் பேட்டரியும் மெமரி கார்டும் போடுகிற சாதாரண புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்கு. பட்டன்கள் மேடாக இருக்கட்டும். கடையிலேயே கண்ணை மூடித் தடவிப் பார். மணி கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன். கார்டில் தேவாரத்தோடு தங்கச்சி குரலில் இரண்டு பாட்டும் ஏற்றிவிடு. போன வருஷம் அவள் போனில் பாடியதை அம்மா இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உன் நண்பன்