பஞ்சாயத்துக்கு வருமுன்பே அவள் சொல்வதைக் கேளுங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும்.

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை இந்த ராமநாதபுரம் கரையில் உள்ள மஹல்லா ஜமாஅத் (ஊர்ப் பள்ளிவாசல் சபை) நிர்வாகிகளுக்கும், பள்ளிவாசல் இமாம்களான ஹஜ்ரத்மார்களுக்கும், பெரியபட்டினத்துப் பெண் ஒருத்தி எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஊரிலும் பெண்கள் மதரஸாவில் ஓர் அறை வேண்டும். வாரம் ஒரு நாள், மனநல ஆலோசனைக்குப் படித்த, மார்க்கமும் தெரிந்த ஒரு பெண் அங்கே உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். அங்கே பேசியது ஜமாஅத் ஆபீசுக்கோ தலைவர் வீட்டுக்கோ போகக் கூடாது.

இன்றைக்கு ஒரு பெண்ணின் வேதனை உங்கள் காதுக்கு எப்போது வருகிறது? தலாக், குலா (மனைவி கேட்டு வாங்கும் மணவிலக்கு) என்று ஆன பிறகுதான். அதுவும் ஆண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில், அவளுக்காக வாப்பாவோ காக்காவோ (அண்ணனோ) பேச, அவள் உள்ளே இருக்க. அதற்கு முன்னால் வருஷக்கணக்காக அவள் யாரிடம் சொல்லியிருப்பாள்? உம்மாவிடம் சொன்னால் "சபர் செய் (பொறுத்துக்கொள்) மகளே" என்பார், ஓதிப் பார்க்கிறவரிடம் போனால் கண்ணேறு என்று தண்ணீர் ஓதிக் கொடுப்பார். மாப்பிள்ளை துபாயிலோ சவூதியிலோ இருக்கிறார், போனில் அழுதால் அவர் அங்கே தூங்கமாட்டார் என்று அவரிடமும் சொல்வதில்லை. கீழக்கரைப் பக்கம் கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தன் வீட்டிலேயே இருப்பது பெரிய ரஹ்மத்துதான் (அருள்தான்), மறுக்கவில்லை, ஆனால் உம்மா, ராத்தா (அக்கா), மாமி, பிள்ளைகள் என்று எல்லோர் காதும் இருக்கிற வீட்டில் மனசைத் திறக்க மூலை ஏது?

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது, அதை நீங்கள்தான் எடுத்துவிட முடியும். மாப்பிள்ளையைப் பற்றி, மாமியாரைப் பற்றி வெளியே சொன்னால் புறம் பேசிய பாவம் வந்துவிடும் என்று எங்கள் பெண்கள் நிஜமாகவே பயப்படுகிறார்கள். ஹஜ்ரத்மார்களே, உங்களுக்குத் தெரியாததா? அபூசுஃப்யானின் மனைவி ஹிந்த், வீட்டுச் செலவுக்குப் போதுமானதைக் கணவர் தருவதில்லை, கஞ்சத்தனம் செய்கிறார் என்று நபி (ஸல்) அவர்களிடம் நேராகவே முறையிட்டார். புறம் பேசாதே என்று அவரை வாயடைக்கவில்லை, உனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள் என்றுதான் பதில் வந்தது. மார்க்க அறிஞர் இமாம் நவவி போன்றவர்கள் இதை வைத்துத்தான், உதவி தேடவும் தீர்வு கேட்கவும் சொல்வது புறமாகாது என்று எழுதினார்கள். நபித்தோழி கவ்லா (ரலி) தன் கணவரைப் பற்றி நபியவர்களிடம் வாதாடியபோது, நபியின் மனைவி ஆயிஷா நாயகிக்கு அதே வீட்டில் இருந்தும் முழுசாகக் கேட்கவில்லை, அல்லாஹ் கேட்டுவிட்டான், குர்ஆனின் முஜாதலா சூரா (அத்தியாயம்) இறங்கியது. இந்த இரண்டையும் ஒரே ஒரு ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமை உரையில்) விளக்கிச் சொல்லுங்கள். எத்தனை பெண்களுக்கு மூச்சு வரும் என்று பாருங்கள்!

சபர் என்றால் வாயை மூடிக்கொள்வது என்று யார் சொன்னது? மகன் யூசுஃபை நினைத்து அழுது அழுது யஃகூப் நபிக்குக் கண்ணே வெளுத்துப் போனது. பிரசவ வலியில் ஈஸா நபியின் தாய் மர்யம் (அலை) "இதற்கு முன்பே நான் இறந்திருக்கக் கூடாதா" என்றார்கள், வந்த பதில் கவலைப்படாதே, பேரீச்சம்பழம் உண், தண்ணீர் குடி என்பது. ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு என்று யாரும் அவர்களைச் சொல்லவில்லை. நம் ஊரில் மனசு உடைந்த பெண்ணுக்கு முதலில் கிடைக்கிற பட்டம் அதுதான், எனக்கு இது தாங்கவில்லை.

ஆலோசனை சொல்கிறவருக்கு மார்க்கம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஏன் கேட்கிறேன் தெரியுமா? பிள்ளை பெற்ற பெண் காரணமில்லாமல் அழுகிறாள், குழந்தையைத் தொடவே பிடிக்கவில்லை என்கிறாள். "தொழு, சரியாகும்" என்கிறார்கள். நிஃபாஸ் (பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்கு) காலத்தில் அவளுக்குத் தொழுகையே கிடையாதே, வழக்கமாக 40 நாள், ஷாஃபி மத்ஹபில் (சட்ட வழியில்) 60 வரை போகலாம். திக்ரும் (இறைநினைவும்) துஆவும் (பிரார்த்தனையும்) உண்டு என்று சொல்லவும் தெரிய வேண்டும், இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் அனுப்பவும் தெரிய வேண்டும். அதேபோல ஒளு (தொழுகைக்கு முன் கழுவுதல்) எடுத்து எடுத்துக் கை வெடித்துப்போன பெண்ணிடம், அது வெறும் வஸ்வாஸ் (ஷைத்தானின் ஊசலாட்டம்) என்று விட்டுவிடாமல், சிகிச்சை இருக்கிற நோயாகவும் அது இருக்கலாம் என்று எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். ரமலானில் லித்தியம் என்ற மனநல மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் நோன்பு வைத்தால், உடம்பில் நீர் குறைந்து மருந்தே விஷமாகலாம், நோயாளிக்குக் குர்ஆனே சலுகை தந்திருக்கிறது.

அதற்காக அவர் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் நிற்கவில்லை. படிப்பு இருக்கட்டும், ஹிஜாபைப் பார்த்ததும் அதுதான் உன் பிரச்சினை என்று ஆரம்பிக்காதவராக இருக்கட்டும். பயிற்சி இல்லாத ஆலிமாவை (மார்க்கம் படித்த பெண்ணை) உட்கார வைத்தாலும் ஆகாது, அடி வாங்குகிறவளிடம் பொறுமை பற்றி ஹதீஸ் சொல்லி அனுப்பிவிடுவார்.

மனநோயும் அதன் வேதனையும் இந்தக் கரைக்குப் புதுசில்லை. ஏர்வாடியில், தர்காவுக்கு வந்தவர்களை வைத்திருந்த காப்பகத்தில், 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். அதற்குப் பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்தது. துஆவுக்கு வருகிறவருக்கு மருந்தும் கிடைக்க வேண்டும் என்பதை நம் கண் முன்னால் கற்றுக்கொண்ட மாவட்டம் இது.

அறை அமையும்வரை பள்ளிவாசல் போர்டிலும் மதரஸா வாசலிலும் 14416 என்ற எண்ணை எழுதி வையுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். இத்தாவில் (மணவிலக்கோ கணவர் மரணமோ ஆன பின் காத்திருக்கும் காலத்தில்) இருக்கிற பெண்ணும் வீட்டிலிருந்தே பேசலாம். அடி, மிரட்டல் என்றால் பெண்கள் உதவி எண் 181.

நீங்கள் சம்மதித்தால் மதரஸா ஆலிமா மூலம் சொல்லி அனுப்புங்கள். வருகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எங்கள் தெருப் பெண்கள் முறை போட்டு வருவோம். ஆலோசகரின் பஸ் செலவையும் சம்பளத்தையும் மட்டும் பைத்துல்மாலிலிருந்து (ஜமாஅத் பொது நிதியிலிருந்து) எப்படித் தருவது என்று அடுத்த மாதக் கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள்.

வஸ்ஸலாம்.