பீடியைப் பற்றிக் கேட்கும்போது மனசையும் கேளுங்கள்: காரைக்குடி வட்டார மருத்துவர்களுக்கு

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். என் அப்பா ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறவர். கண்ணாடி மேல் அச்சை வைத்து கலர் சிமெண்டை ஊற்றுவதில் கைதேர்ந்தவர். அம்மா இறந்த வருஷம், ஒரு பூவின் சிவப்பு பக்கத்துப் பச்சைக்குள் வழிந்தபோது அதைத் துடைக்காமல் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாராம். கூட வேலை பார்ப்பவர் வந்து சொன்னார். வயசாகிறது என்று விட்டுவிட்டோம். ஒரு கட்டு பீடி இரண்டு கட்டானது.

இருமலுக்காக டாக்டரிடம் கூட்டிப்போனோம். "பீடியை விட்டுருங்க" என்றார். அப்பா அன்றைக்கே விட்டார். அப்புறம் தூக்கமில்லை. திண்ணையில் தூணோடு சாய்ந்திருப்பார், பக்கத்தில் தட்டில் சோறு ஆறிக் கிடக்கும். பேத்தி மேல் எரிந்து விழுந்தார். பன்னிரண்டாம் நாள் கடைக்குப் போய்விட்டார். அடுத்த தடவை டாக்டர், "சொன்னா கேக்க மாட்டீங்களே" என்று கடிந்துகொண்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பல மாதம் கழித்துப் பார்த்த இன்னொரு டாக்டர் இரண்டே கேள்வி கேட்டார். இந்த ரெண்டு வாரத்துல மனசு சோர்ந்து கிடந்துச்சா? எதுலயும் நாட்டமில்லாம போச்சா? அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவ போனதுலேர்ந்து எதுலயும் மனசு ஒட்டலே" என்றார்.

எங்கள் பக்கத்து ஆண்கள் யாரும் மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். அசதி, பசியில்லை, நெஞ்சு அடைக்குது என்பார்கள். பிரஷரும் சுகரும் பார்க்கும்போதே அந்த இரண்டு கேள்வியையும் கேட்டுவிடுங்கள். ஆமாம் என்றால், சாகணும்னு தோணுதா என்பதையும் தயங்காமல் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

மனசு சரியில்லாதவரிடம் பீடியை எப்படிப் பிடுங்குவது என்று சிலர் தயங்குகிறீர்கள். இழுத்ததும் கிடைக்கிற நிம்மதியில் பெரும்பங்கு, புகையிலையில் இருக்கிற நிகோடின் உடம்பில் குறைந்ததால் வந்த தவிப்பு அடங்குவதுதான். 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை, விட்டவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்ததாகச் சொல்கிறது. மனநோய் உள்ளவர்களிடமும் அப்படித்தான். ஆனால் முதல் வாரம் மிகக் கடினம். தவிப்பு இரண்டிலிருந்து நான்கு வாரம் வரை இருக்கலாம். இதை வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். எங்களுக்குத் தெரிந்திருந்தால் அப்பாவை அன்று திட்டியிருக்க மாட்டோம். அது இன்னும் உறுத்துகிறது.

வெறும் அறிவுரையோடு அனுப்பாதீர்கள். நிகோடின் சூயிங்கம் இருக்கிறது. மனச்சோர்வுக்கான புப்ரோபியான் மாத்திரை புகைப்பதை நிறுத்தவும் உதவுகிறது. வலிப்பு உள்ளவருக்கு அது ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். மனநல மாத்திரை சாப்பிடுகிறவர் புகையை விட்டால் குளோசபின், ஒலான்சபின் அளவு இரத்தத்தில் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். சீட்டின் ஓரத்தில் இரண்டு இலவச எண்களை எழுதிக் கொடுங்கள்: மனநலத்துக்கு டெலிமானஸ் 14416, புகையிலையை நிறுத்துவதற்கு 1800-11-2356.

விட்ட ஒரு வாரத்துக்குள் மறுபடி வரச் சொல்லுங்கள். அப்பாவை அந்த இரண்டாவது டாக்டர் அப்படித்தான் வரச் சொன்னார். ஏழாம் நாள் காலையில் நான் எழுப்பும் முன்பே அவர் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றார்.

இப்படிக்கு,
ஆத்தங்குடியிலிருந்து ஒரு மகள்