பொழுதைக் கழிக்கவா போனார்கள் பிள்ளைகள்?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறன்று உங்கள் மதுரைப் பதிப்பில் ஒரு படம் வந்தது. கீழே ஒரே வரி: 'வைகைக் கரையில் உற்சாகமாகப் பொழுதைக் கழித்த பள்ளி மாணவிகள்'. அந்தப் பிள்ளைகளோடு காலையிலிருந்து வெயிலில் நின்றவன் நான். பொழுதைக் கழிக்க வேண்டுமென்றால் ராஜாஜி பூங்காவுக்குப் போயிருப்பார்களே, சாக்கடை வந்து விழுகிற இடத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஏன் வர வேண்டும்?

உங்கள் நிருபர் வந்தார், வரிசையாக நிற்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், போய்விட்டார். என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, நானே சொல்கிறேன். ஆறு மதுரைக்குள் நுழையுமுன் சோழவந்தான் பக்கம் ஓர் இடம், நகருக்குள் கழிவுநீர் ஆற்றில் கலக்கும் ஓர் இடம், இரண்டிலும் காற்றுக்குமிழி புகாமல் கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் பிடித்தார்கள். அதில் மாங்கனீசு சல்பேட்டும் காரம் சேர்த்த அயோடைடும் விட்டால், ஆக்சிஜன் கரைந்திருக்கிற தண்ணீரில் பழுப்பாகத் திரியும். ஆக்சிஜன் இல்லையென்றால் வெள்ளையாகவே படியும். சோழவந்தான் புட்டி பழுப்பு. நகரத்துப் புட்டி வெள்ளை. வேதியியல் ஆசிரியராக வேலையில் இருந்த காலமெல்லாம் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டதோடு என் கடமை முடிந்தது. இங்கே ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்த வெள்ளைப் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், மருந்து பழசாயிருச்சா?" என்று கேட்டாள். மருந்து நன்றாகத்தான் இருந்தது.

மீன் பிழைக்க லிட்டருக்கு 4 மில்லிகிராம், மனிதர் குளிக்க 5 மில்லிகிராம் ஆக்சிஜனாவது வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்திருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நகரத்து இடத்தில் சேற்றை அரித்துப் பார்த்தபோது கிடைத்தது சிவப்புப் புழுக்கள்தான். உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அவை தாக்குப்பிடிக்கும். பிள்ளைகள் அருவருப்புப்படாமல் எண்ணிக் குறித்தார்கள். அதுதான் உங்கள் கணக்கில் உற்சாகம்.

வைகை என்றால் உங்களுக்கு என்ன தேவை என்று எனக்கு ஓரளவு புரிகிறது. 2017-இல் அணையில் தெர்மகோல் மிதக்கவிட்டபோது பக்கம் பக்கமாகச் சிரித்தீர்கள், நாங்களும் சேர்ந்து சிரித்தோம். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது முழுப்பக்கப் படம், அதற்கென்று அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் வடிந்த மறுநாள் அந்த ஆறு எப்படிக் கிடக்கிறது என்று ஒரு படமும் கிடையாது. ஆகாயத்தாமரையை இயந்திரம் அள்ளினால் செய்தி, அது ஏன் திரும்பத் திரும்ப முளைக்கிறது, சாக்கடை கொண்டுவரும் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் தின்றுதான் கொழுக்கிறது என்று எழுத யாருக்கும் நேரமில்லை. இதையே முன்பு ஒரு கடிதமாக எழுதினேன். இரண்டு வரியாக்கி நாய்த்தொல்லைக்கும் தெருவிளக்குக்கும் நடுவில் போட்டீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு இதுவரை நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பிள்ளைகளே கையில் துடைப்பத்தோடு நின்று, பக்கத்தில் ஒரு பிரமுகர் வெள்ளை வேட்டியில் குனிந்திருந்தால் பெயரோடு வந்திருக்கும். பள்ளிகளும் லேசுப்பட்டவை அல்ல. ஆற்றுக்குக் கூட்டிப்போக அனுமதி வாங்குவதற்குள் பிள்ளைகளை அழைத்துவந்த ஆசிரியைக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "இதுக்கு மார்க் உண்டா?" என்று கேட்ட பெற்றோரும் உண்டு. அதெல்லாம் தாண்டி வந்தவர்கள் திங்களன்று அந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை வகுப்புக்குக் கொண்டுவந்து, நாம் விளையாடவா போனோம் என்று கேட்டால் அந்த அம்மா என்ன சொல்வார்?

திருத்தம் போடுங்கள் என்று கேட்கப் போவதில்லை, போட்டாலும் யார் கண்ணிலும் படாத இடத்தில்தான் போடுவீர்கள். தினமும் அணை நீர்மட்டம் போடுகிறீர்கள் அல்லவா, வைகை 71 அடிக்கு இத்தனை, பெரியாறு 142 அடிக்கு இத்தனை என்று? மாதத்துக்கு ஒருநாள் அதற்குக் கீழே, பிள்ளைகள் அளந்து தருகிற ஆக்சிஜன் அளவை இரண்டு இடத்துக்கும் ஒவ்வொரு வரியாகப் போடுங்கள். அளந்த முறையையும் சேர்த்தே அனுப்புவார்கள், சந்தேகம் இருந்தால் எந்தக் கல்லூரியிலும் கொடுத்துச் சரிபார்க்கலாம். இந்தக் கடிதத்தையும் சுருக்குவதாக இருந்தால் என் கோபத்தை வெட்டிக்கொள்ளுங்கள், அந்த இரண்டு புட்டிகளின் நிறத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
செல்லூர், மதுரை.