ஒரு சுற்றையாவது யாழ்ப்பாணத்தில் வையுங்கள்: ஈ-ஸ்போர்ட்ஸ் ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். கடந்த மாதம் கொழும்பில் நீங்கள் நடத்திய கவுண்டர் ஸ்ரைக் (ஐந்து பேர் அணியாக மோதும் கணினிச் சுடும் விளையாட்டு) இறுதிச் சுற்றில் யாழ்ப்பாண அணிக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். முடிவு அறிவிப்பில் "அணி உரிய நேரத்தில் தயாராகவில்லை, வோக்கோவர்" என்று போட்டிருந்தீர்கள். அதாவது, விளையாடாமலேயே எதிர் அணிக்கு வெற்றி. பெடியள் ஏன் தயாராகவில்லை என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் விதிப்படி ஒவ்வொருவரும் தன் கணினியைத் தானே கொண்டுவர வேண்டும். கொழும்புப் பிள்ளைக்கு அது அப்பாவின் கார் டிக்கியில் ஏற்றி அரை மணித்தியாலத்தில் மண்டப வாசலில் இறக்குகிற வேலை. எங்களுக்கு அது ஏறக்குறைய 400 கிலோமீற்றர் இரவு பஸ். ஐந்து சிபியூ, ஐந்து மொனிற்றர். மொனிற்றர்களைச் சாரத்தால் சுற்றி, தலையணைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டினோம். பஸ்ஸின் கீழ்ப் பெட்டியில் போட மனமில்லாமல் சிபியூக்களைக் கால்களுக்கு இடையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு பெடியள் விடிய விடிய நித்திரை முழித்துப் போனார்கள். நடத்துனர் பொதிக்கும் காசு வாங்கினார். அவரில் பிழை சொல்ல மாட்டேன், இரண்டு ஆட்களின் இடத்தைப் பிடித்தால் யாரும் கேட்பார்கள்தான்.

இப்போதைய கிராபிக்ஸ் கார்ட்டின் பாரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பெரிய கார்ட் ஒன்று ஒரு கிலோவைத் தாண்டும். அந்தப் பாரம் முழுவதும் மதர்போர்ட்டில் உள்ள ஒரு பிளாஸ்ரிக் பொருத்திலும் ஓரத்து இரண்டு ஆணிகளிலும் தொங்குகிறது. சிபியூவைச் சரித்துப் படுக்க வைத்தால் ஆபத்துக் குறைவு. ஆனால் பஸ் சீற்றுக்கு முன்னால் படுக்க வைக்க எங்கே இடம்? எந்தக் குழியில் என்று தெரியாது, ஒரு கார்ட் பொருத்திலிருந்து இளகிவிட்டது. மண்டபத்தில் போட்டுப் பார்த்தால் காற்றாடி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. அழைத்தது என்னைத்தான். யாழ்ப்பாணம் கொக்குவிலில் என் கேம் சென்ரர் கடைக்குள் இருந்துகொண்டு, "கார்ட்டைக் கழற்று, பொருத்தைத் துடை, திரும்ப நேராக அமத்து" என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன். பெடியன் கையில் ஸ்குரூ டிரைவர் இல்லை. உங்கள் தொழில்நுட்ப உதவியாளரிடம் கேட்டபோது, வீரர்களின் கணினிக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றாராம். எதிர் அணிப் பிள்ளை ஒருவர்தான் ஓடிப்போய் எங்கிருந்தோ ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு எங்கள் நன்றி. படம் வந்தபோது உங்கள் 15 நிமிட அவகாசம் முடிந்திருந்தது.

விதி விதிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாகாணத் தெரிவில் வென்று வந்த ஐந்து பேர், ஒரு குண்டுகூடச் சுடாமல் அதே கணினிகளைத் திரும்பவும் கட்டிக்கொண்டு அன்றிரவே பஸ் ஏறினார்கள். அந்த விதியை எழுதியவருக்கு இது எப்படி இருக்கும் என்று கேட்க ஆசை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: அடுத்த பருவத்தில் வடக்குக்கான ஒரு லான் சுற்றை, அதாவது கணினிகளை ஒரே மண்டபத்தில் கேபிளால் இணைத்து ஆடும் சுற்றை, யாழ்ப்பாணத்தில் நடத்துங்கள். கணினிகளை நீங்கள் கொண்டுவாருங்கள், அல்லது இங்கேயே வாடகைக்கு எடுங்கள்.

"ஒன்லைனில் விளையாடலாமே" என்ற பதிலை முன்னரும் கேட்டிருக்கிறோம். விளையாடலாம்தான். ஆனால் இந்த நாட்டுக்கு வரும் கடலடி வடங்கள் கொழும்புப் பக்கமும் மாத்தறையிலும்தான் கரையேறுகின்றன. எங்கள் கரைக்கு எதிரே கிடக்கும் தமிழ்நாட்டின் தூத்துக்குடியிலிருந்து போட்ட வடம்கூட கொழும்புப் பக்கத்துக் கல்கிசைக்குத்தான் போனது. எங்கள் பெடியன் மவுஸை அழுத்தினால் அந்தச் செய்தி முதலில் தெற்கே போய், பிறகுதான் கடல் தாண்டி மும்பைக்கோ சிங்கப்பூருக்கோ போகும். ஆட்டத்தை நடத்தும் கணினியான கவுண்டர் ஸ்ரைக் சேர்வர் ஒரு விநாடியை 64 ஆக வெட்டிக் கணக்குப் பார்க்கிறது. அந்தக் கணக்கில் பிந்துகிறவன் சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் செத்துப்போவான். மழை பெய்தால் லாக் அடிக்கும், ஆட்டம் இழுபடும். கரண்ட் போனால் கதை முடிந்தது. 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்திலும் ஒன்லைன் தெரிவுப் போட்டி வைத்த நாடு இது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

லான் என்பது எங்களுக்குப் புதிதும் இல்லை. உலகத்துப் பிள்ளைகள் ஆர்கேட் பெட்டிக்குள் காசு போட்டு ஸ்ரீட் பைட்டர் II விளையாடத் தொடங்கியது 1991 இல். அந்த வருடம் போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டோம். ஆர்கேட் காலம் என்று ஒன்று எங்களுக்கு வரவே இல்லை, நேரே லானில்தான் இறங்கினோம். 2002 இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை திறந்த பிறகு வந்த கேம் சென்ரர் என்றால் ஒரு அறை, பழைய பென்ரியம் கணினிகள், நடுவில் அவற்றை இணைக்கும் ஒரு சுவிச் பெட்டி, நிலமெல்லாம் கேபிள். இன்ரர்நெற் கிடையாது, தேவையும் இல்லை. ஒரு கணினியைச் சேர்வராக்கிவிட்டு கவுண்டர் ஸ்ரைக்கின் டஸ்ற் 2 களத்தில் பொழுதுபடும் வரை கிடப்போம். ரியூசனுக்குப் போனதாக வீட்டில் நம்பிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு எங்களிடம் இருந்த சாமான்தான் இன்றைக்கும் உங்களுக்குத் தேவை. கொஞ்சம் நல்ல சுவிச், அவ்வளவுதான்.

எங்கள் ஊர்ப் பெரியவர்களும் உங்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. கேம் சென்ரர் என்றால் பிள்ளைகள் கெட்டுப்போகிற இடம். 2023 இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் ஈ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கம் கொடுத்தார்கள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அங்கே ஸ்ரீட் பைட்டர் V இல் தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு வயது 44. சின்ன வயதில் ஆர்கேட் கடைகளில் கிடந்த ஆள்தான் அவரும். சரி, அது எங்கள் வீட்டுச் சண்டை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் இங்கே கண்முன்னால் ஒரு முறையான போட்டி நடந்தால் அந்தச் சண்டையில் பாதி எங்களுக்கு மிச்சம்.

இன்னொன்று. என் கடைக்கு வருகிறவர்களில் குறி தப்பாமல் சுடுகிறவர் ஒரு பெண் பிள்ளை, உயர்தரம் படிக்கிறார். அணியில் சேரச் சொல்லிக் கேட்டோம். தகப்பன் நல்ல மனுசன். "இரவு பஸ்ஸில் அனுப்ப ஏலாது தம்பி. யாழ்ப்பாணத்தில் எண்டால் நானே கூட்டிக்கொண்டு வாறன்" என்றார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? "அடுத்த முறை ஒரு நாள் முந்தி வந்து தங்குங்கள்" என்று நீங்கள் சொன்ன ஆலோசனையை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தங்குமிடத்துக்கு யார் காசு கட்டுவது என்பதையும் நீங்கள் சொல்லவில்லை.

உங்கள் சுவரொட்டியில் இலங்கை வரைபடம் போட்டிருந்தீர்கள். யாழ்ப்பாணம் இருக்க வேண்டிய இடத்தில் அனுசரணையாளரின் இலச்சினை இருந்தது. இடம் போதாமல் போயிருக்கும். விதிமுறைகள் தமிழில் வராததற்கும் நேரம் போதாமல் போயிருக்கும். நாங்கள் குறையாக எடுக்கவில்லை. நுழைவுக் கட்டணம் கேட்கும்போது மட்டும் எங்களை நினைவு வைத்திருக்கிறீர்கள், அதுவே பெரிது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை மரியாதையாகக் கேட்டுவிடுகிறேன். தயவுசெய்து வடக்குச் சுற்றை யாழ்ப்பாணத்தில் வையுங்கள். வீரசிங்கம் மண்டபமோ வேறு மண்டபமோ, இடம் பார்ப்பதும் ஜெனரேற்றர் பிடிப்பதும் கேபிள் இழுப்பதும் எங்கள் பொறுப்பு. சேர்வரும் நடுவர்களும் உங்கள் பொறுப்பு. இந்த முறை வோக்கோவர் ஆன அணியின் நுழைவுக் கட்டணத்தை அடுத்த பருவத்துக்கு வரவு வைத்தால் அதையும் நன்றியோடு ஏற்றுக்கொள்வோம்.

அடுத்த பருவ அட்டவணையை அறிவிக்க முன்னர் எழுத்தில் ஒரு பதில் தாருங்கள். திகதி குறிக்கும்போது உயர்தரப் பரீட்சைக் காலத்தையும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களையும் விட்டுவிடுங்கள். அந்த நாட்களில் மண்டபமும் கிடைக்காது, ஆட்களும் வரமாட்டார்கள்.

இப்படிக்கு,
கொக்குவிலில் கேம் சென்ரர் நடத்தும் ஒருவர்