பாதிப் பாடம்

அன்புள்ள கயலுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். காலையில் விரல் மடங்கவே அரைமணி ஆகிறது. மார்பகப் புற்றுக்கு என்னை மாதிரி லெட்ரோசோல் மாத்திரை போடுகிறவர்களுக்கு மூட்டு இப்படிப் பிடிப்பது சகஜமாம். வெந்நீரில் கையை வைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

"மாதவிலக்கு நின்னே ஒன்பது வருஷம் ஆச்சு, இன்னும் எதுக்கும்மா பெண் ஹார்மோன் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்க மாத்திரை?" என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். அப்பா பக்கத்தில் இருந்தார், பேச்சை மாற்றிவிட்டேன். டாக்டரம்மாவிடம் நானும் இதையேதான் கேட்டேன்.

28 வருஷம் பிள்ளைகளுக்கு உயிரியல் எடுத்தவள் நான். கொழுப்புத் திசு என்றால் சேமிப்புக் கிடங்கு என்று எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! பாதிப் பாடம்தான் நடத்தியிருக்கிறேன். சூலகம் ஓய்ந்த பிறகு, அட்ரினல் சுரப்பியிலிருந்து வருகிற ஆண்ட்ரோஜன் என்கிற ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிற வேலையைப் பெரும்பாலும் இந்தக் கொழுப்புத்தான் பார்க்கிறது. அரோமடேஸ் என்று ஒரு நொதி அதற்கு. என் கட்டி ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்கிற ரகம். மாத்திரை அந்த நொதியை முடக்கிப்போடுகிறது.

இன்னொன்றும் சொன்னார். கொழுப்பு செல் அளவுக்கு மீறி உப்பினால் சில செத்துப்போகும். துப்புரவு பண்ண மேக்ரோஃபேஜ் என்கிற வெள்ளை அணுக்கள் வந்து செத்த செல்லைச் சுற்றி வளையமாக உட்காரும். ஒரு தாளின் பின்பக்கம் வரைந்தே காட்டினார், கிரீடம் மாதிரி. இதை மார்பகக் கொழுப்பிலேயே நியூயார்க்கில் பார்த்து 2011-இல் எழுதியிருக்கிறார்கள். அந்த வளையத்திலிருந்து கசிகிற டிஎன்எஃப், புராஸ்டகிளாண்டின் மாதிரி அழற்சி உண்டாக்குகிற பொருள்கள் எல்லாம் அரோமடேஸை இன்னும் முடுக்கிவிடுமாம். இந்த அழற்சிக்கு வலியும் கிடையாது, காய்ச்சலும் கிடையாது. எப்படித் தெரியும், சொல்?

பார்க்க வந்த ஒரு சொந்தக்காரி, "உடம்பைக் குறைச்சிருந்தா வந்திருக்குமா" என்றாள். காபி கொடுத்து அனுப்பினேன். பருமனோடு தொடர்புள்ள 13 புற்றுநோய்களில் மாதவிலக்கு நின்றபின் வருகிற மார்பகப் புற்றும் ஒன்று என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் சொன்னது வாஸ்தவம். ஆனால் அது ஆபத்து கூடுகிற கணக்கு. என் ஒருத்திக்கு இதனால்தான் வந்தது என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. கீமோவில் எனக்குப் பக்கத்துப் படுக்கைக்காரி ஈர்க்குச்சி மாதிரி இருந்தாள்.

நீ பயந்துகொண்டு பட்டினி கிடக்காதே. உன் வயதில் கணக்கே வேறு. மாதவிலக்கு நிற்கும் முன் வருகிற புற்றில், பருமனானவர்களுக்கு ஆபத்து சற்றுக் குறைவாகக்கூடத் தெரிகிறது. சிக்கல் பிற்பாடுதான். அங்கே டாக்டரிடம், அம்மாவுக்கு 58 வயதில் வந்தது என்று மட்டும் சொல்லிவை.

எடை மெஷினை ரொம்ப நம்பாதே. ஒல்லியாகத் தெரிகிற நம் ஆட்களுக்கும் தொப்பையில் கொழுப்பு ஒளிந்திருக்கும். நம் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும் என்கிறார்கள். பார்சலில் பருப்புப்பொடிக்கு அடியில் என் தையல் டேப் இருக்கிறது. அளந்து எனக்குச் சொல்ல வேண்டாம். முதல் இரண்டு அங்குலம் அழிந்துபோயிருக்கும், மூன்றிலிருந்து பிடித்துக் கழித்துக்கொள்.

அம்மா