கென்டக்கியில் பேழையும் பள்ளிக்கூடமும்

பிளாரன்ஸ், கென்டக்கி

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அண்ணனை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

பைபிள் கதையில் பெருவெள்ளத்திலிருந்து விலங்குகளை ஜோடி ஜோடியாகக் காப்பாற்றிய கப்பலான நோவாவின் பேழையை நிஜ அளவில் கட்டி வைத்திருக்கிறார்களாமே, பள்ளிக்கூடத்திலும் டார்வினை எடுத்துவிட்டு அதைத்தான் நடத்துகிறார்களாமே என்று கேட்டிருந்தீர்கள். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி அப்படியே உண்மையில்லை, ஆனால் முழுப் பொய் என்றும் தள்ள முடியாது. பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவர் நீங்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

சின்சினாட்டியிலிருந்து தெற்கே போகிற 75-ஆம் எண் நெடுஞ்சாலையில் வில்லியம்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பேழை நிற்கிறது. 2016 ஜூலை 7-ஆம் தேதி திறந்தார்கள். பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் சொல்கிற 300 முழம், 50 முழம், 30 முழம் என்ற அளவை எடுத்துக்கொண்டு, முழத்துக்கு 20.4 அங்குலம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பூக்காரம்மா அளக்கிற முழத்தைவிடக் கொஞ்சம் நீளம். அந்தக் கணக்கில் 510 அடி நீளம், 85 அடி அகலம், 51 அடி உயரம். இது மிதக்கிற கப்பல் இல்லை. முன்பக்கம் முழுக்க மரம், பின்பக்கத்தில் லிஃப்டும் கழிப்பறையும் உள்ள கட்டடங்கள் ஒட்டி நிற்கின்றன. உள்ளே மூன்று தளங்கள், கூண்டு கூண்டாக மிருக உருவங்கள், நடுவில் குட்டி டைனோசர்களும் உண்டு. செலவு சுமார் 10 கோடி டாலர்.

கட்டியது ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ் என்ற அமைப்பு. தலைவர் கென் ஹாம் ஆஸ்திரேலியாவில் அறிவியல் ஆசிரியராக இருந்தவர். இதே கென்டக்கியில் பீட்டர்ஸ்பர்க்கில் 2007 மே மாதம் படைப்பு அருங்காட்சியகத்தைத் திறந்ததும் இவர்களே. பூமிக்கு வயது சுமார் 6,000 ஆண்டு, ஜலப்பிரளயம் வந்தது கி.மு. 2348 வாக்கில், பாறையில் கிடைக்கிற புதைபடிவங்களில் பெரும்பாலானவை அந்த ஒரே வெள்ளத்தில் புதைந்தவை: இரண்டு இடத்திலும் சொல்லப்படுவது இதுதான். இதை ஏதோ திருவிழாப் பொருட்காட்சி மாதிரி நினைத்துவிடாதீர்கள் அண்ணி. உருவங்கள், விளக்கமைப்பு, பலகை எழுத்து எல்லாமே முதல் தரம். அருங்காட்சியகத்தில் இருக்கிற அல்லோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு அசல். ஒரு குழந்தையின் கண்ணுக்கு, சின்சினாட்டியில் இருக்கிற இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் இதற்கும் வேற்றுமை தெரியாது. எனக்குக் கவலை தருவது அதுதான்.

பேழைக்குள் எல்லாச் சிற்றினங்களுக்கும் இடம் போதாது என்பது கட்டியவர்களுக்கே தெரியும். அதனால் ‘இனவகை’ என்று ஒரு அலகு வைத்திருக்கிறார்கள். ஓநாய், நரி, நாய் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஜோடி, சிங்கம், புலி, வீட்டுப் பூனைக்கும் ஒரே ஜோடி. இப்படிச் சுருக்கினால் சுமார் 1,400 இனவகை, 7,000-க்கும் குறைவான விலங்குகள் போதும் என்கிறார்கள். அப்படியானால் ஒரே பூனை ஜோடியிலிருந்து இன்றைய பூனைக் குடும்பம் முழுவதும் 4,300 ஆண்டில் பிரிந்து வந்திருக்க வேண்டும். எந்த உயிரியலாளரும் இவ்வளவு வேகமான பரிணாமத்தைச் சொன்னதில்லை. பரிணாமத்தை மறுக்கக் கட்டிய இடத்துக்கே பரிணாமம் பல மடங்கு வேகத்தில் தேவைப்படுகிறது.

2014 பிப்ரவரி 4-ஆம் தேதி தொலைக்காட்சி அறிவியல் தொகுப்பாளர் பில் நை அந்த அருங்காட்சியகத்துக்கே வந்து ஹாமோடு வாதாடினார். அவர் போட்ட கணக்கு இது: 7,000 இனவகை (அவர் எடுத்துக்கொண்ட எண்ணிக்கை இது, மேலே சொன்ன 1,400 இல்லை) 4,000 ஆண்டில் 1 கோடியே 60 லட்சம் சிற்றினங்கள் ஆக வேண்டுமென்றால், தினமும் 11 புதுச் சிற்றினங்கள் தோன்றியிருக்க வேண்டும். கேட்கச் சுகமாக இருந்தது. ஆனால் அவர் போகவே கூடாது என்று சொன்ன விஞ்ஞானிகளும் பலர். ஒரே மேடையில் சரிசமமாக உட்கார்ந்தாலே, இரண்டு பக்கமும் சம பலம் உள்ளவை என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். அதே மாதக் கடைசியில், பேழைக்கான கடன் பத்திரங்கள் தேவையான அளவு விற்றுவிட்டன, விவாதம் தந்த விளம்பரமும் உதவியது என்று ஹாம் அறிவித்தார். போகாதே என்றவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது என்றே நானும் நினைக்கிறேன்.

ஊர் ஜனங்களின் எதிர்ப்பு பெரும்பாலும் கடவுளைப் பற்றியதாக இருப்பதில்லை. பணம், பெயர் இந்த இரண்டில்தான் வெடிக்கும். 2008 டிசம்பரில் சின்சினாட்டி உயிரியல் பூங்காவும் படைப்பு அருங்காட்சியகமும் பண்டிகைக் காலத்துக்கு ஒரே சீட்டாக விற்க ஆரம்பித்தன. ஒரு அறிவியல் நிறுவனம் தன் பெயரை இதற்குக் கொடுக்கலாமா என்று புகார்கள் குவிந்தன. சில நாளிலேயே பூங்கா பின்வாங்கிவிட்டது. பேழைக்கு 10 ஆண்டில் 1 கோடியே 80 லட்சம் டாலர் வரை விற்பனை வரியைத் திருப்பித் தரும் சலுகையை, வேலைக்கு ஆள் எடுப்பதில் மதம் பார்ப்பார்கள் என்று சொல்லி 2014-ல் மாநில அரசு மறுத்தது. வழக்குப் போய், 2016 ஜனவரியில் நீதிமன்றம் பேழைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. மற்றச் சுற்றுலா இடங்களுக்குக் கொடுக்கிற சலுகையை மதத்தைக் காரணம் காட்டி மறுக்க முடியாதாம். தனியார் தங்கள் நிலத்தில் எதை வேண்டுமானாலும் காட்டலாம், அதைச் சட்டம் தடுக்காது. எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

அரசுப் பள்ளியில் கதையே வேறு. அங்கே ஆசிரியர் பேசினால் அரசு பேசுகிற மாதிரி. அரசு எந்த மதத்தையும் நிலைநாட்டக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் சொல்கிறது. 1925-ல் டென்னசியில் பரிணாமம் நடத்தியதற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் போட்டது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். பரிணாமம் நடத்தத் தடை போடுவதே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1968 ஆனது. அடுத்து, பரிணாமத்தையும், உயிர்களைக் கடவுளே படைத்தார் என்கிற படைப்புவாதத்தையும் சமமாக நடத்து என்று லூசியானா மாநிலம் சட்டம் போட்டது. 1987-ல் 7-க்கு 2 என்ற கணக்கில் அதுவும் விழுந்தது.

அதற்குப் பிறகு படைப்புவாதம், உயிர்களை ஏதோ ஒரு அறிவு திட்டமிட்டு வடிவமைத்தது என்கிற ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற பெயரில் வந்தது. பென்சில்வேனியாவில் டோவர் என்ற ஊரின் பள்ளி வாரியம், ஒன்பதாம் வகுப்பு உயிரியல் பாடத்துக்கு முன்னால் டார்வின் கொள்கையில் ஓட்டைகள் இருக்கின்றன என்று ஒரு அறிக்கையை வாசிக்கச் சொன்னது. உயிரியல் ஆசிரியர்கள் வாசிக்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். 11 பெற்றோர் வழக்குப் போட்டார்கள். வாரியம் பரிந்துரைத்த துணைநூலின் பழைய கைப்பிரதிகளை வரவழைத்து வரிவரியாக ஒப்பிட்டதில் விஷயம் வெளியே வந்தது. 1987 தீர்ப்புக்கு முந்தைய பிரதியில் ‘படைப்பு’ என்று இருந்த இடமெல்லாம் பிந்தைய பிரதியில் ‘வடிவமைப்பு’ என்று மாறியிருந்தது. வாக்கியங்கள் மாறவில்லை. 2005 டிசம்பர் 20-ஆம் தேதி நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத்தில் தீர்ப்பெழுதினார்: இது அறிவியல் இல்லை, மதமே. அவரை நியமித்தது குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். பெற்றோர் தரப்பில் முதல் அறிவியல் சாட்சியாக வந்த உயிரியலாளர் கென்னத் மில்லர் கோயிலுக்குத் தவறாமல் போகிற கத்தோலிக்கர். கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், அறிவியல் மறுபக்கம் என்று அங்கே யாராவது சொன்னால் இந்த இரண்டு பேரையும் சொல்லுங்கள்.

இங்கே பெற்றோர் என்ன செய்ய முடியும் என்றும் கேட்டிருந்தீர்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து சொன்னதை மட்டும் வைத்துக் கிளம்பினால் புகார் நிற்காது. வகுப்பில் கொடுத்த தாள், காட்டிய படம், தேதி மூன்றும் கையில் வேண்டும். முதலில் ஆசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் எழுத்தில் போக வேண்டும், பிறகு மாவட்டக் கண்காணிப்பாளருக்கு. பொது ஆவணச் சட்டப்படி பாடத்திட்டத்தையும் கேட்டு வாங்கலாம். அதற்கும் அசையாவிட்டால், அறிவியல் கல்விக்கான தேசிய மையம் போன்ற அமைப்புகள் ஆலோசனை சொல்லும், உரிமை அமைப்புகளின் வக்கீல்கள் கடிதம் அனுப்புவார்கள். பெரும்பாலும் அந்தக் கடிதத்தோடு முடிந்துவிடும். காரணம் பணம். குடிமை உரிமை வழக்கில் ஜெயித்தவரின் வக்கீல் செலவைத் தோற்றவர் தலையில் கட்ட 1976-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. டோவர் பள்ளி மாவட்டம் கட்டியது 10 லட்சம் டாலர். தீர்ப்புக்கு முன்பே நடந்த தேர்தலில், அந்த வாரியத்திலிருந்து மறுபடி நின்ற 8 பேரையும் ஊர் ஜனங்கள் தோற்கடித்துவிட்டார்கள். ஆனால் சின்ன ஊரில் புகார் கொடுத்த குடும்பம் தனிமைப்படுவதும் நடக்கிறது. நீதிபதி ஜோன்ஸுக்கே கொலை மிரட்டல் வந்து காவல் போட வேண்டியிருந்தது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் பாடம் ஏன் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை? பெர்க்மன், பிளட்ஸர் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2007-ல் உயர்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். பரிணாமத்தைத் தயங்காமல் நடத்துகிறவர்கள் 28 சதவீதம். படைப்புவாதத்தை ஆதரித்து நடத்துகிறவர்கள் 13 சதவீதம். மீதி சுமார் 60 சதவீதத்தார் வம்பு வேண்டாம் என்று பட்டும் படாமலும் போகிறவர்கள். ‘பரீட்சைக்கு வரும், படித்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள். கிருமி மருந்துக்குப் பழகுவதைச் சொல்லிவிட்டு மனிதன் வந்த பகுதியைத் தாண்டிவிடுவார்கள். இரு தரப்பையும் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள் என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் விட்டுவிடுவார்கள். அந்த 13 சதவீதத்தைவிட இந்த 60 சதவீதம்தான் அதிகச் சேதம் செய்கிறது என்பது என் எண்ணம். முன்னவர்மேல் வழக்குப் போடலாம், பின்னவர்மேல் போட ஒன்றுமில்லை. பல ஆசிரியர்களுக்குக் கல்லூரியில் பரிணாமம் தனிப் பாடமாகவே இருந்ததில்லை. தெரியாததைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. நல்ல செய்தியும் உண்டு. 2019-ல் திரும்பக் கேட்டபோது, படைப்புவாதத்துக்கு இடம் கொடுக்காமல் பரிணாமத்தை நடத்துகிறவர்கள் 2007-ல் இருந்த 51 சதவீதத்திலிருந்து 67 சதவீதமாகக் கூடியிருந்தார்கள் (இது அந்த 28 சதவீதத்துக்கு வைத்ததைவிடத் தளர்வான அளவுகோல்). பல மாநிலங்களின் புதிய பாடத் தரங்களும் ஆசிரியர் பயிற்சியும் காரணம் என்கிறார்கள். கென்டக்கியும் 2013-ல் அந்தத் தரங்களை ஏற்றது. பொது ஜனங்கள் மாறுவது இன்னும் மெதுவாகத்தான். கடவுள் மனிதனை 10,000 ஆண்டுக்குள் இன்றைய வடிவிலேயே படைத்தார் என்று சொன்னவர்கள், கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புப்படி 1982-ல் 44 சதவீதம், 2024-ல் 37 சதவீதம். தனியார் பள்ளிக்கும், பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கிற குடும்பங்களுக்கும் மேலே சொன்ன எந்தத் தடையும் கிடையாது.

இத்தனை சண்டைக்கும் பதில் இந்த ஊர் ரோட்டோரத்திலேயே கிடக்கிறது. நெடுஞ்சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் சாம்பல் நிறத்தில் சுண்ணாம்புக்கல் ஒரு வரி, களிப்பாறை ஒரு வரி என்று மாறி மாறித் தெரியும். சுமார் 45 கோடி ஆண்டுக்கு முந்தைய ஆழமில்லாத கடலின் தரை அது. பேழையும் அருங்காட்சியகமும் நிற்பதே இந்தப் பாறைமேல்தான். ரோட்டோரத்தில் நின்று பொறுக்குவது ஆபத்து. சின்சினாட்டிக்கு வடக்கே ஷாரன்வில்லில் டிராமெல் புதைபடிவப் பூங்கா இருக்கிறது, பொறுக்கியதை எடுத்துப் போகலாம். சுத்தியல் தேவையில்லை. மழைக்கு மறுநாள் போனால் களிமண் கழுவி, சிப்பிகள் தானாகவே மேலே தெரியும். வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் வரிகள் நன்றாகப் புலப்படும்.

அங்கே பொறுக்கிய பிராக்கியோபாடு (இரண்டு ஓடுள்ள பழங்காலக் கடல் உயிரி) சிப்பி ஒன்று இதை எழுதும்போது மேசைமேல் இருக்கிறது. கட்டைவிரல் நக அளவு, விசிறி மாதிரி வரிகள். திருப்பி, பூதக்கண்ணாடியில் ஓட்டின் உட்பக்கத்தைப் பார்த்தால், ஊசி குத்தின மாதிரி நுண்ணிய துளைகளோடு ஒரு படலம். அது பிரையோசோவா என்ற, கூட்டமாக ஒட்டி வளர்கிற நுண்ணிய கடல் உயிரிகளின் கூட்டம். உயிரோடு இருக்கிற சிப்பியின் உட்பக்கத்தில் அது வளர முடியாது. சிப்பி சாக வேண்டும், உள்ளே இருந்த சதை அழுகிப்போய் இரண்டு ஓடும் பிரிய வேண்டும், ஓடு புதையாமல் கடல் தரையில் கிடக்க வேண்டும், அதன்மேல் பிரையோசோவா குஞ்சு வந்து ஒட்டிக் கூட்டமாக வளர வேண்டும், பிறகுதான் சேறு மூட வேண்டும். இது ஒரு பாறை வரிக்கு. அதற்கு மேலே இன்னொரு வரி, அதிலும் இதே மாதிரி. நடுவில் இருக்கிற களிப்பாறையில் புழுக்கள் துளைத்த வளைகள். ஓராண்டு வெள்ளம் எல்லாவற்றையும் வாரிப் புதைத்திருந்தால் இத்தனை தலைமுறை பொறுமையாக வாழ்ந்து செத்திருக்க முடியாது. டார்வின் பெயரையே எடுக்காமல் பிள்ளைகளுக்கு இதைக் காட்டிவிடலாம்.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமத்தை எடுத்ததை எதிர்த்து 2023-ல் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டார்கள். நம் மாநிலப் புத்தகத்தில் பாடம் இருக்கிறது. அதைப் பட்டும் படாமலும் கடக்காதீர்கள். அரியலூர்ப் பிள்ளைகளுக்குச் சிமெண்டு ஆலைச் சுண்ணாம்புக்கல் தெரியாததில்லை. அதுவும் பழைய கடல்தான், இங்கிருப்பதைவிட மிகவும் இளையது. முதலில் வாரணவாசி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். பிறகு சாத்தனூர்க் கல்மரம், முடிந்தால் காரையில் அம்மோனைட் (சுருள் ஓடுள்ள அழிந்துபோன கடல் உயிரி) கிடக்கிற செம்மண் ஓடைகள். வெயிலுக்கு முன் காலையிலேயே கிளம்புங்கள். ஒன்றையும் எடுத்துவர விடாதீர்கள். கிடந்த இடத்திலேயே அளவுகோலை வைத்துப் படம் எடுக்கட்டும், எந்த வரியில் இருந்தது என்று எழுதட்டும். வரி தெரியாத புதைபடிவத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பூதக்கண்ணாடி 10 மடங்கு பெருக்கம் இருந்தால் போதும். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறவர் ஒருவரிடம் ஆறு கொடுத்து அனுப்புகிறேன், எங்கள் சிப்பியும் சேர்த்து.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்